தண்ணி உருண்டையும் ஃபிலோமினா ஆன்ட்டியும்

தேடுவது என் தொழில். தொலைப்பது மற்ற எல்லோருக்கும் தொழில் என்பதால் எனக்கு வேலை குறைந்ததே இல்லை.

‘நியூ ஃபோல்டர்’ என்று ஒன்றைத் திறந்து, அதற்குள் இன்னொரு ‘நியூ ஃபோல்டர்’ திறந்து, அதற்குள் கல்யாணப் பத்திரிகையையும் கரண்ட் பில்லையும் போட்டுவிட்டு, பிறகு காணோம் காணோம் என்று கம்ப்யூட்டரைத் திட்டிய அனுபவம் உங்களுக்கும் இருக்கும். இல்லை என்று சொல்கிறவர்கள் இத்தோடு நிறுத்திக்கொண்டு வேறு நல்ல காரியம் பார்க்கலாம். மற்றவர்கள் நம் ஆட்கள். பக்கத்தில் வந்து உட்காருங்கள்.

நான் வேலை பார்ப்பது பெங்களூர் சிவாஜிநகரில் ஒரு ஸ்கேன் சென்டரில். பஸ் ஸ்டாண்டிலிருந்து துணிக்கடைகளைத் தாண்டி நடந்தால் வந்துவிடும். கம்ப்யூட்டர், நெட்வொர்க், பிரின்டர், யாரும் இல்லாவிட்டால் சீலிங் ஃபேன் எல்லாம் என் பொறுப்பு. இதுவரை எடுத்த படங்கள் அத்தனையும் மாடிப்படிக்கு அடியில் ஒரு குட்டி அறையில் இருக்கும் பெரிய கம்ப்யூட்டரில் இருக்கின்றன. வருஷத்துக்கு ஒரு ஃபோல்டர், அதற்குள் மாதம், அதற்குள் தேதி, அதற்குள் ஆள் என்று மரம்போலக் கிளை பிரிந்து கிடக்கும்.

பழைய படத்தை எதற்குத் தேட வேண்டும் என்று கேட்பீர்கள். இன்றைக்கு எடுத்த படத்தில் ஒரு புள்ளி தெரிகிறது என்று வையுங்கள். அது பல வருஷமாக அப்படியே இருக்கிறதா, புதிதாக முளைத்ததா? பழைய படம் கிடைத்தால்தான் தெரியும். அப்படியே இருந்தால் பெரும்பாலும் வீட்டுக்குப் போகலாம். வளர்ந்திருந்தால் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் குடும்பத்துக்கு உலகத்தில் அந்த ஒரு கேள்விதான்.

அந்தக் கேள்வி ஒருநாள் எங்கள் ரிசப்ஷன் ஃபிலோமினா ஆன்ட்டிக்கே வந்தது. அதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் அதற்கு முன்னால் நடந்த சிலவற்றைச் சொல்லாவிட்டால் அது விளங்காது. கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள், தேடுகிறவர்களுக்குப் பொறுமை பழக்கம்தானே.

வீட்டுக்கும் மார்க்கெட்டுக்கும்

ஆன்ட்டி ரிச்சர்ட்ஸ் டவுன்காரர். ஞாயிற்றுக்கிழமை சர்ச் கொயரில் பாடுகிறவர். எங்கள் ரிசப்ஷனில் மைக் ஒன்று உண்டு. அந்தக் கேள்வி வரும்வரை அவர் அதைத் தொட்டு நான் பார்த்ததில்லை. அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் எதிர்சாரி டீக்கடையில் நிற்பவர்கூட டம்ளரை வைத்துவிட்டு வந்துவிடுவார். தமிழ், கன்னடம், உருது, இங்கிலீஷ் எல்லாவற்றிலும் ‘பயப்படாதீங்க’ என்று சொல்லத் தெரிந்தவர்.

நான் சேர்ந்த புதிதில் யாராவது பழைய படம் கேட்டால், ஆன்ட்டி தன் கம்ப்யூட்டரில் பெயரை அடித்துத் தேட விட்டுவிட்டு மற்ற வேலையைப் பார்ப்பார். மத்தியானச் சாப்பாட்டுக்குள் பதில் வந்தால் அன்றைக்கு அதிர்ஷ்டம். அப்படி என்னதான் செய்கிறது என்று உட்கார்ந்து பார்த்தேன். அவருடைய கம்ப்யூட்டர் மாடிப்படி அறையிடம் ‘இந்த ஃபோல்டரில் என்ன இருக்கிறது?’ என்று கேட்கும். பதில் வந்ததும் ‘சரி, அடுத்ததில் என்ன?’ என்று மறுபடி கேட்கும். மார்க்கெட்டுக்குப் போய் வெங்காயம் மட்டும் வாங்கி வீட்டில் வைத்துவிட்டு, தக்காளிக்கு மறுபடி கிளம்புகிற கதை. நான் தேடும் வேலையை அந்த அறைக்குள்ளேயே, படங்கள் இருக்கும் கம்ப்யூட்டரிலேயே நடக்க வைத்தேன். பதில் மட்டும் வெளியே வந்தால் போதும்.

அது ஓடுவதை ஆன்ட்டிக்குக் காட்ட, போகிற ஃபோல்டர்களின் பெயரெல்லாம் திரையில் தெரியும்படி விட்டேன். வருஷம், மாதம், தேதி, பெயர் என்று வரிகள் மேலே ஓடிக்கொண்டே இருந்தன. ஒவ்வொரு வரியும் ஒரு ஆள். ஒரு நாள் இங்கே வந்து, செருப்பைக் கழற்றி, மோதிரத்தைக் கழற்றிப் பக்கத்தில் இருப்பவரிடம் கொடுத்துவிட்டு, தனியாக உள்ளே போய்ப் படுத்த ஆள். இத்தனை பேரா என்று எனக்குப் புல்லரித்துவிட்டது. ஒரு வாசலையும் விடாமல், அலுத்துக்கொள்ளாமல் அது போய்க்கொண்டே இருந்தது. ஆன்ட்டி கையில் பேனாவோடு அப்படியே நின்றுவிட்டார். பிறகு மெதுவாகக் கேட்டார்: “ஏம்மா கோமதி, நெஜமாவே எல்லார் வீட்டுக்கும் போய்ட்டா வருது? எனக்கு ஒரு மாடி ஏறினாலே மூச்சு வாங்குது.”

வாசலிலேயே கேட்டுவிடுவது

இடத்தை மாற்றியதில் வேகம் கூடியது, ஆனால் போதவில்லை. அது ஒவ்வொரு படத்தையும் திறந்து, உள்ளே எழுதியிருக்கும் பெயரைப் படித்து, மூடிவிட்டு, அடுத்ததைத் திறந்துகொண்டிருந்தது. ஒரு முழங்காலுக்கே ஏகப்பட்ட படங்கள் இருக்கும். கேரட்டை வில்லை வில்லையாக நறுக்குவதுபோல் நறுக்கித்தான் மெஷின் படம் எடுக்கும். வாசலில் நின்று கேட்டாலே தெரிகிற விஷயத்துக்கு வீட்டுக்குள் போய் பீரோவைத் திறப்பானேன்? எந்த வருஷம் என்று தெரிந்தால் மற்ற வருஷங்களுக்குள் காலே வைக்க வேண்டாம். மாதம் தெரிந்தால் இன்னும் மிச்சம். சுலபமான கேள்வியை முதலில் கேள், படத்தைத் திறப்பதைக் கடைசியில் வைத்துக்கொள் என்று மாற்றி எழுதினேன்.

ஆனால் வருஷம் யாருக்கு ஞாபகம் இருக்கிறது? பொம்மனஹள்ளியிலிருந்து தையல் ஃபேக்டரியில் வேலை பார்க்கும் ஒரு அம்மா முதுகுவலியோடு வந்திருந்தார். முன்னால் எப்போது எடுத்தீர்கள் என்றேன். “எங்க ரோட்டுல பாலம் கட்றேன்னு தூண் நட்டு, வேல நின்னு போயி, கம்பி மட்டும் நீட்டிக்கிட்டு இருந்துச்சே, அந்த வருசம்” என்றார். பெங்களூரில் இந்த அடையாளம் எந்த வருஷத்துக்குத்தான் பொருந்தாது? ஆனாலும் சும்மா சொல்லக் கூடாது. பேச்சுக் கொடுக்கக் கொடுக்க, மகள் அப்போது எந்த வகுப்பு, பள்ளிக்கூடத்துக்கு லீவா, வரும்போது நனைந்தாரா என்று ஒவ்வொன்றாக வந்து, கடைசியில் மாதமே கிடைத்துவிட்டது. போய்ப் பார்த்தால் படம் அங்கேயே இருந்தது. அந்த அம்மாவின் ஞாபகத்துக்கு முன்னால் நான் எழுதியதெல்லாம் ஜுஜுபி என்று தோன்றியது.

அன்றைக்கு அந்தப் படத்தைப் பார்க்க வந்தவர் டாக்டர் சுஜாதா. மைசூர்க்காரர்; எங்கள் படங்களைப் பார்த்து ரிப்போர்ட் எழுதுகிறவர்; எங்களோடு பேசிப் பேசியே தமிழ் கற்றவர். நான் செய்த மாற்றத்தைப் பெருமையாகச் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: “டாக்டர்ஸும் அதேதான் பண்றோம் கோமதி. முதல்ல கேப்போம், அப்புறம் தொட்டு பாப்போம், அப்புறம் படம். தலைய தெறந்து பாக்கறது எல்லாத்துக்கும் கடைசி. அது பேடவே பேடா, வேண்டவே வேண்டாம்.”

முனவர் பாயின் குறுக்கு வழி

முனவர் பாய் எங்கள் சீஃப் டெக்னீஷியன். எம்.ஆர்.ஐ மெஷின் பெட்டியில் வந்து இறங்கிய நாளிலிருந்து அதோடு இருப்பவர். அதன் சத்தத்தைக் கேட்டே அதற்கு உடம்பு சரியில்லை என்று சொல்லிவிடுவார்.

ஒரு நாள் தேடல் கிளம்பியது, கிளம்பியதுதான், நிற்கவே இல்லை. திரையில் பார்த்தால் போகும் பாதை ஒரு வரியில் அடங்காமல் அடுத்த வரிக்கு வழிந்து, அதுவும் போதாமல் நீண்டுகொண்டே போனது. விசாரித்ததில் விஷயம் வெளியே வந்தது. பாய் தன் வசதிக்காக, ஒவ்வொரு தேதி ஃபோல்டருக்குள்ளும் ‘முந்தின நாள்’, ‘அடுத்த நாள்’ என்று இரண்டு குறுக்கு வழி வைத்திருந்தார். நேற்றைய படத்தை எடுக்க மேலே ஏறி இறங்க வேண்டாம், பக்கத்து வாசல் வழியாகப் போய்விடலாம். நல்ல யோசனைதான். ஆனால் என் தேடல் செவ்வாய்க்கிழமையிலிருந்து ‘முந்தின நாள்’ வழியாகத் திங்கட்கிழமைக்குப் போய், அங்கே ‘அடுத்த நாள்’ என்று ஒரு வாசலைப் பார்த்து, அட, புது இடம் என்று உள்ளே நுழைந்தது. அது மறுபடியும் செவ்வாய்க்கிழமை. அங்கே ஒரு ‘முந்தின நாள்’ இருக்கிறதே!

நிறுத்துவதற்கு முன் கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அதற்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. கரண்ட் இருக்கும்வரை அந்த இரண்டு நாட்களுக்கு நடுவிலேயே போய்க்கொண்டிருந்திருக்கும். அதன்மேல் எனக்கு ஒரு விதமான மரியாதையே வந்தது. குறுக்கு வழியை மிதிக்காதே, போன இடத்தை ஞாபகம் வைத்துக்கொள் என்று சொல்லிக் கொடுத்தேன். பாய்க்கு மட்டும் மனத்தாங்கல். “நா வழி வெச்சது மனுசனுக்கு மேடம். மனுசன் ரெண்டு சுத்து சுத்துனா டீ குடிக்கப் போய்டுவான். இதுக்கு அந்தப் பழக்கம் இல்லியே.”

வியாதி இல்லாத உருண்டை

காலையில் முதல் ஆள் வருவதற்கு முன்னால் மெஷினுக்கு ஒரு பரீட்சை உண்டு. தலையை வைக்கும் கூண்டுக்குள் தண்ணீர் நிரப்பிய ஒரு உருண்டையை வைத்துப் படம் எடுப்பார்கள். படத்தில் சுத்தமான வெள்ளை வட்டம் வந்தால் மெஷின் நலம். வட்டம் கோணினால் இன்ஜினியருக்கு ஃபோன். மெஷின் வந்ததிலிருந்து இந்தப் படங்கள் ஒவ்வொரு தேதிக்குள்ளும் ‘காலை டெஸ்ட்’ என்ற ஃபோல்டரில் சேர்ந்துகொண்டே வந்திருக்கின்றன. எல்லாவற்றுக்கும் பெயர் ஒன்றுதான்: ‘தண்ணி உருண்டை’. மெஷின் பெயர் கேட்காமல் படம் எடுக்காது, அதனால் உருண்டைக்கும் ஒரு பெயரும் ஒரு நம்பரும் கொடுத்துவிட்டார்கள்.

என் தேடல் தினமும் இந்த உருண்டைகள் அத்தனையையும் குசலம் விசாரித்துவிட்டுத்தான் மனிதர்களிடம் வந்துகொண்டிருந்தது. மரத்தில் காய்க்காத கிளை என்றால் வெட்டிவிட வேண்டியதுதானே? பாயிடமும் டாக்டரிடமும் கேட்டேன். இரண்டு பேரும் தலையாட்டினார்கள். ‘காலை டெஸ்ட்’ என்று பெயர் பார்த்தால் வாசலோடு திரும்பிவிடு என்று ஒரு வரி சேர்த்தேன். பிறகு நடந்ததைப் பார்த்து என் கண்ணையே நம்ப முடியவில்லை. ஆன்ட்டி பெயரை அடித்துவிட்டுக் கையை எடுப்பதற்குள் படம் வந்து நின்றது. மறுபடி வேறு பெயர். மறுபடி அதே வேகம். காலையில் கேட்டு மத்தியானம் வாங்கிய இடத்தில், கேட்ட வாய் மூடுவதற்குள் பதில். எல்லோரும் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தோம். பாய் என் கையில் ஒரு மைசூர்பாகைத் திணித்துவிட்டுச் சொன்னார்: “அந்த உருண்டைக்கு ஒரு வியாதியும் கெடையாது மேடம். அத எதுக்குத் தேடணும்? விட்டுடுங்க.”

கண் சிமிட்டும் நேரத்தில்

இனி ஆன்ட்டியின் கதை. கொயர் ஒத்திகை முடிந்து வரும்போது தலை சுற்றி, சர்ச் வாசலில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாராம். மறுநாள் டாக்டர் சுஜாதா விடவில்லை. “முதல்ல உள்ள போய் படுங்க” என்று மெஷினுக்குள் அனுப்பிவிட்டார். தலைசுற்றலுக்குக் காரணம் காதில்தான் என்று பிறகு தெரிந்தது. அது மாத்திரையில் சரியாகிவிட்டது. ஆனால் படத்தில் வேறொன்று தெரிந்தது. இடது பக்கத்தில் உள்ளே தள்ளி, மிளகு அளவுக்கு ஒரு புள்ளி.

பெரிய ஆஸ்பத்திரியில் காட்டினார்கள். அது என்னவென்று படத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது, தலையைத் திறந்து கொஞ்சம் எடுத்துப் பார்த்துவிடலாம் என்றார் அங்கே இருந்த சர்ஜன். புள்ளி இருந்தது பேச்சுக்கான இடத்தை ஒட்டி. கவனமாகத்தான் செய்வோம், ஆனால் பேச்சு கொஞ்சம் குழற வாய்ப்பு உண்டு என்று நேர்மையாகச் சொல்லிவிட்டாராம். பழைய படம் ஏதாவது இருந்து, அதில் இது இதே மாதிரி இருந்தால் திறக்கவே வேண்டாம் என்றும் சொன்னாராம். அன்றிலிருந்து ஆன்ட்டி பெயர் கூப்பிட மைக்கை எடுத்துக்கொண்டார். கொயருக்கும் போகவில்லை.  மைக்கில்கூட அவர் குரல் வாசலைத் தாண்டவில்லை.

ஒரு காலை ஆன்ட்டியே என் மேஜைக்கு வந்தார். “நா இந்த மெஷின்லயே படுத்திருக்கேன்ம்மா, மெஷின் வந்த புதுசுல. இப்பதான் ஞாபகம் வருது, தேடிப் பாரேன்” என்றார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. டாக்டரையும் கூப்பிட்டு வைத்துக்கொண்டு பெயரை அடித்தேன். கண் சிமிட்டும் நேரத்தில் ‘இல்லை’ என்று வந்தது. வீட்டுக்காரர் பெயரோடு சேர்த்து அடித்தேன், இல்லை. வருஷத்தைக் கொடுக்காமல் எல்லா வருஷத்திலும் தேடினேன், இல்லை. ஒவ்வொரு ‘இல்லை’யும் பளிச் பளிச்சென்று, யோசிக்கவே யோசிக்காமல் வந்தது. இதே வேகத்தைத்தான் மைசூர்பாகோடு கொண்டாடினோம். டாக்டர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஆன்ட்டி திரையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டார்: “இவ்ளோ சீக்கிரமா இல்லன்னு சொல்லுதே, நல்லா பாத்துச்சாம்மா?”

வட்டம், வட்டம், வட்டம்

அந்தக் கேள்வி என்னை உட்கார விடவில்லை. நல்லா பாத்துச்சா? பார்க்கச் சொன்ன இடத்தில் நன்றாகத்தான் பார்த்தது. நேரே முனவர் பாயிடம் போய், மெஷின் வந்த புதிதில் ஆன்ட்டி படுத்தாரா என்று கேட்டேன்.  பாய் இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டார்.

மெஷினைப் பொருத்திய இன்ஜினியர் உருண்டையை வைத்துப் பரீட்சை எல்லாம் முடித்துவிட்டு, இனி உயிருள்ள ஒரு தலை வேண்டும் என்றாராம். புது மெஷின், காதைப் பிளக்கும் சத்தம். ஆளாளுக்கு வேலை இருப்பதுபோல் நழுவிவிட்டார்கள். ஆன்ட்டிதான் தோட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போய்ப் படுத்திருக்கிறார். டாக்டர் சீட்டு இல்லை, பதிவு இல்லை, ஆனால் மெஷின் பெயர் கேட்கிறது. கையில் இருந்த பெயர் ஒன்றுதான். அதனால் ஆன்ட்டியின் தலை தண்ணி உருண்டை என்ற பெயரில், உருண்டையின் நம்பரில், ‘காலை டெஸ்ட்’டுக்குள் போய்விட்டது. யாருக்கும் வியாதி இல்லாததால் யாரும் அதற்கு ரிப்போர்ட் எழுதவும் இல்லை. நான் வாசலோடு திரும்பிவிடு என்று சொன்ன அதே இடத்தில்தான் இத்தனை நாளும் இருந்திருக்கிறது.

சரி, தேதி? அப்போது மெஷினில் கடிகாரமே சரியாக வைக்கவில்லை என்றார் பாய். எந்த வருஷத்துக்குள் போய் விழுந்ததோ தெரியாது. பெயரும் உதவாது, எல்லாமே உருண்டை. ஒவ்வொன்றாகத் திறந்து பார்ப்பதானால் எப்போது முடியும்? சர்ஜன் ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்துவிட்டார். பாய் சட்டைக் கையை மடித்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டார், திறந்தே பார்த்துவிடலாம் என்று. அப்போதுதான் எனக்கு உறைத்தது. உருண்டை மாறுவதே இல்லை. தினமும் அதே உருண்டை, அதே மாதிரி படம், அதே எண்ணிக்கை. அப்படியானால் எல்லா ‘காலை டெஸ்ட்’டும் கம்ப்யூட்டரில் ஒரே அளவு இடத்தைத்தான் அடைக்கும், எல்லாம் ஒரே கனம். தலை அப்படி இருக்காது, அதற்குப் படங்கள் அதிகம். எந்தப் படத்தையும் திறக்க வேண்டாம். வாசலில் நின்று ‘நீ எவ்வளவு கனம்?’ என்று மட்டும் கேட்டால் போதும். மற்ற எல்லாக் கிளையையும் விட்டுவிட்டு, முன்பு ஒதுக்கிவைத்த கிளைக்குள் மட்டும் போகச் சொன்னேன். கனம் மாறியவை சிலதான் வந்தன.

டாக்டர் எனக்குப் பின்னால் வந்து நின்றார். முதல் சிலவற்றில் கரண்ட் போய்ப் பாதியில் நின்ற வட்டங்கள். அடுத்ததைத் திறந்ததும் மூன்று பேரும் வாயைப் பிளந்தோம். வட்டத்துக்குள் அறை அறையாகத் தடுப்பு, ஒவ்வொரு அறையிலும் முத்து முத்தாக வெளிச்சம், ஒன்றோடொன்று இடிக்காமல் அடுக்கி வைத்ததுபோல். என்ன இது, இவ்வளவு அழகாக! பாய் தொண்டையைக் கனைத்தார். “அது மாதுளம்பழம் மேடம். ரம்ஜான் நேரம், பழம் கையில இருந்துச்சு. உள்ள எப்டி இருக்கும்னு ஒரு ஆச” என்றார். அடுத்ததைத் திறந்தேன். ஒரு நெற்றி, ஒரு மூக்கு, மூடிய உதடு. பக்கவாட்டில் ஒரு மனித முகம், அதற்குள்ளே மூளை மடிப்பு மடிப்பாக. அத்தனை வெள்ளை வட்டங்களுக்கு நடுவில் அது இத்தனை வருஷமாக யாரும் தேடாமல் அமைதியாகப் படுத்திருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது, மறைக்கவும் தோன்றவில்லை.

 இது ஆன்ட்டிதானா என்பது முதலில் தெரிய வேண்டும் என்றார் டாக்டர். மூளையின் மடிப்புகள் கைரேகை மாதிரி, ஆளுக்கு ஆள் வேறாம். பழைய படத்தையும் புதுப் படத்தையும் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு மடிப்பாக ஒப்பிட்டார். ஒன்றின்மேல் ஒன்றை வைத்தார். அச்சு அசலாகப் பொருந்தின. பிறகு இடது பக்கம் உள்ளே போனார். மிளகு அங்கே இருந்தது. அளந்தார். மறுபடி அளந்தார். “அப்படியே இருக்கு” என்றார். ஆன்ட்டியைக் கூப்பிட்டுக் காட்டினோம். அவர் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தன் பழைய முகத்தைப் பார்த்தார், அந்தப் புள்ளியைப் பார்த்தார், பிறகு சொன்னார்: “அப்போலேந்து உள்ளயே குடியிருக்கா? ஒரு வார்த்த என்கிட்ட சொல்லலியே.”

இப்போது வரும் பதில்

இரண்டு படங்களையும் பார்த்த சர்ஜன், திறக்க வேண்டாம், அவ்வப்போது படம் எடுத்துப் பார்த்துக்கொண்டால் போதும் என்று சொல்லிவிட்டார். ஆன்ட்டி அந்த ஞாயிறே கொயருக்குப் போனார். திங்கட்கிழமை காலை நான் படியேறும்போது ரிசப்ஷனிலிருந்து ஒரு பெயர் தெருவரைக்கும் கேட்டது. மைக் பழையபடி தூசி படிய ஆரம்பித்துவிட்டது.

நான் தேடலின் வேகத்தைக் குறைக்கவில்லை. உருண்டைகளிடம் தினமும் போய்வர அதற்கு நேரமில்லை. ஆனால் வெறும் ‘இல்லை’ என்று சொல்லும் உரிமையை எடுத்துவிட்டேன். இப்போது அது சொல்வது இப்படி: ‘பார்த்த இடங்களில் இல்லை. காலை டெஸ்ட்டில் பார்க்கவில்லை. அங்கேயும் பார்க்கட்டுமா?’ ஒரு நாள் ஒரு அம்மா தன் பழைய கழுத்துப் படத்தைக் கேட்டு வந்திருந்தார். ஆன்ட்டி திரையில் வந்ததை அப்படியே தன் முழுக் குரலில் வாசித்துக் காட்டினார். அந்த அம்மா அதை இன்னொரு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, பக்கத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த கணவரை ஒரு பார்வை பார்த்தார். “சாவிய தேடுங்கன்னா, எங்க வீட்டுக்காரர் ஒரு நாளாவது இவ்ளோ நேர்மையா பதில் சொல்லிருக்காரா?”

சீக்கிரமாகத் தேட என்ன வழி என்று கேட்பவர்களிடம் இப்போதெல்லாம் நான் சொல்வது, எங்கே தேட வேண்டாம் என்று முடிவு செய்வதை மட்டும் ஒரு டீ குடித்துவிட்டு மெதுவாகச் செய்யுங்கள் என்பதுதான்.